இரண்டாம் இரவு

‘பரிசோதனை நாடகம்’ என்னும் தொடருக்குத் தமிழில் ஒரு சங்கடம் உண்டு. அதைச் சுருக்கிச் ‘சோதனை நாடகம்’ என்று சொன்ன மாத்திரத்தில், சோதனை யாருக்கு என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. நம் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர், இத்தகைய நாடகங்களுக்கு அழைப்பு வரும்போதெல்லாம், “ஆண்டவன் கொடுக்கிற சோதனை போதாதென்று இது வேறா?” என்று கேட்டுவிட்டுத்தான் அழைப்பிதழைச் சட்டைப்பையில் வைப்பார். ஆனால் தவறாமல் வந்துவிடுவார். முன்வரிசையில் அமர்ந்து, பாதியில் சற்றே கண்ணயர்ந்து, முடிவில் நடிகர்கள் ஒவ்வொருவரையும் கைகுலுக்கி வாழ்த்திவிட்டுப் போவார். தமிழில் நவீன நாடகம் இத்தனை ஆண்டுகளாகப் பிழைத்துக் கிடப்பதில் இப்படிப்பட்டவர்களின் தாட்சண்யத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்தத் தாட்சண்யத்தைத் தாண்டி இந்தக் கலைக்கு வேறென்ன தேவைப்படுகிறது என்பதைப் பற்றியே இங்கே கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

பேசத் தூண்டியது ஒரு துண்டறிக்கை. நாம் பணிபுரியும் திருச்சியில், ஓர் அரிசி ஆலையின் பழைய கிட்டங்கி சில ஆண்டுகளாக நாடக அரங்காக இயங்கிவருகிறது. நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரும் அவருடைய நண்பர்கள் நால்வரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். பெயர்களை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. முன்னால் ஜமுக்காளம், பின்னால் எழுபத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். கறுப்புத் துணி தைத்து நான்கு பக்கமும் தொங்கவிட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் தவிட்டு வாசனை இன்னமும் சுவரிலிருந்து கிளம்பும். வரும் தை, மாசி, பங்குனி மாதங்களில் மூன்று புதிய நிகழ்வுகள் அங்கே அரங்கேற இருக்கின்றன என்று அந்தத் துண்டறிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் புதிய நாடகம் வருவது ஒன்றும் அதிசயமன்று. அறிக்கையின் கடைசி வரிதான் நம்மை நிறுத்தியது: ஒவ்வொரு நாடகமும் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று இரவுகள்.

மூன்று இரவுகளில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நவாப் ராஜமாணிக்கம் காலத்துக் குழுக்கள் ஒரே நாடகத்தை ஒரே ஊரில் வாரக்கணக்கில் நடத்தவில்லையா? நடத்தினார்கள். நாம் சொல்வது அதன் பிறகு வந்த, சிறுபத்திரிகைகளின் மடியிலிருந்து எழுந்துவந்த நாடகத்தைப் பற்றி. அதன் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால்தான் இந்த மூன்றின் அருமை விளங்கும்.

1977 ஆம் ஆண்டு பலவகையில் தொடக்க ஆண்டு. அந்த ஆண்டில்தான் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் வழிகாட்டிய நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது. அந்த ஆண்டில்தான் ந. முத்துசாமியும் நண்பர்களும் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டில் சென்னையில் ஞாநியின் பரீக்ஷா, மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம். 1980 இல் பாதல் சர்க்கார் வந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பட்டறை நடத்தினார். மேடையும் திரையும் ஒப்பனையும் இல்லாமல், உடலையும் குரலையும் மட்டும் நம்பி நாடகம் செய்யலாம் என்னும் துணிவு தமிழ்ப் பிள்ளைகளுக்கு வந்தது. நான்கே ஆண்டுகளுக்குள் இவ்வளவும். இந்த வேகத்தை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

நாடகம் எழுதவும் நடிக்கவும் நெறியாளவும் ஆட்கள் வந்துவிட்டார்கள். வராமல் போனது கூரை. ஒத்திகைக்கு யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடி. அரங்கேற்றத்துக்கு ஏதேனும் சபாவின் காலியான நாள், அயல்நாட்டுப் பண்பாட்டு மையம் ஒன்றின் தோட்டம், பல்கலைக்கழகக் கருத்தரங்கின் மாலைநேரம். வாடகை ஒரு நாளுக்குத்தான் கட்டும். இரண்டு மாதம், மூன்று மாதம் ஒத்திகை பார்த்த நாடகம் ஒரே மாலையில் பிறந்து, அன்றிரவே முடிந்துவிடும். விதிவிலக்குகள் உண்டு, ‘நாற்காலிக்காரர்’ போன்ற சில நாடகங்கள் திரும்பத் திரும்ப மேடையேறின. வீதி நாடகக்காரர்களும் இந்தக் கட்டிலிருந்து தப்பினார்கள், அவர்களுக்குத் தெரு இருந்தது. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு வாய்த்தது ஓர் இரவு.

போதாக்குறைக்கு, உதவி வந்த வழியும் இந்த ஓரிரவுப் பழக்கத்தையே உறுதிப்படுத்தியது. 1984 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சங்கீத நாடக அகாதெமி, இளம் நாடகக் கலைஞர்களுக்கான உதவித் திட்டம் ஒன்றை நடத்தியது. மரபுக் கலைகளிலிருந்து புதிய நாடகமொழியை உருவாக்க வேண்டும் என்பது நோக்கம். மண்டல விழாக்கள், பிறகு தேசிய விழா. அத்திட்டத்தால் நல்ல நாடகங்கள் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. தமிழ் நாடகக்காரர்கள் கன்னட, மணிப்புரி, மலையாள நாடகங்களை அருகிருந்து பார்த்ததே பெரும்பேறு. ஆயினும் நாடகம் யாரை நோக்கிச் செய்யப்பட்டது என்று கேட்டால், விழாவுக்கு வந்த விருந்தினர்களை நோக்கி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. விழாவில் ஆடி முடித்ததும் தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் ஏறி ஊர் திரும்பும். அந்த ஊரே அந்த நாடகத்தைப் பார்த்திராது.

அப்படி ஆடி மறைந்தவற்றில் இன்று எஞ்சியிருப்பது என்ன? அழைப்பிதழ், ஒன்றிரண்டு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், 1990 முதல் வெளி ரங்கராஜன் கொண்டுவந்த ‘வெளி’ போன்ற இதழ்களில் ஒரு விமர்சனம், அதிருஷ்டமிருந்தால் அச்சான பிரதி. அடியார்க்கு நல்லார் தம் உரையில் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்று நாடகத் தமிழ் நூல்களின் பெயர்களை அடுக்குவார். நூல்கள் போயின, பெயர்கள் நின்றன. ஆண்டுதோறும் வகுப்பில் இந்தப் பட்டியலைச் சொல்லும்போது, தேர்வுக்காக மாணவர்கள் அவசர அவசரமாகக் குறித்துக்கொள்வார்கள். நமக்கோ நம்முடைய பழைய அழைப்பிதழ்க் கோப்பு நினைவுக்கு வரும்.

அண்டை வீடுகளில் நிலைமை எப்படி இருந்தது என்றும் பார்க்கலாம். மும்பை தாதரில் சபில்தாஸ் என்றொரு பள்ளிக்கூடம். அதன் கூடத்தை 1974 இல் ‘ஆவிஷ்கார்’ குழுவினர் நாடகத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். அரவிந்த் தேஷ்பாண்டேயும் சுலபா தேஷ்பாண்டேயும் முன்னின்றார்கள். பகலில் வகுப்பு, மாலையில் நாடகம். சொகுசு எதுவும் கிடையாது. ஆனால் மராத்தியில் புதுநாடக இயக்கத்தையே பிற்காலத்தில் ‘சபில்தாஸ் இயக்கம்’ என்று அழைக்குமளவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் நிலைத்துவிட்டது. 1978 இல் ஜுஹுவில் பிருத்வி அரங்கு வந்தது. இருநூறு இருக்கைகள் அளவிலான சிற்றரங்கு. பெங்களூரில் 2004 இல் ரங்க சங்கரா. இவை பெருநகரங்கள், பணமும் பெயருமுள்ளவர்கள் பின்னால் இருந்தார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் ஹெக்கோடு? பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். கே. வி. சுப்பண்ணாவும் ஊராரும் 1949 இல் தொடங்கிய ‘நீநாசம்’ அங்கே அரங்கு கட்டியது, நாடகப் பள்ளி நடத்தியது, 1985 முதல் ‘திருகாட்ட’ என்னும் சுற்றுக் குழுவை அமைத்து ஆண்டுதோறும் நாடகங்களைக் கன்னட நாட்டின் சிறு நகரங்களுக்கு எடுத்துச் சென்றது. ஒரு நாடகம் ஷிமோகாவில் ஆடி, தார்வாடில் ஆடி, இன்னொரு தாலுகா ஊரில் ஆடித் திரும்பும்போது அது புறப்பட்ட நாடகமாக இருக்காது. நடிகனின் கால்களுக்குப் பழகிய நாடகமாகியிருக்கும்.

தமிழில் அந்த அனுபவம் இல்லாமலில்லை. 1985 இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாண்ட ‘மண் சுமந்த மேனியர்’ ஊர் ஊராகப் பலமுறை ஆடப்பட்டது. போர்க்காலத்தில், அச்சத்துக்கு நடுவே, அது முடிந்திருக்கிறது. இங்கே எந்தப் போரும் இல்லை. மண்டப வாடகைதான் நம்மை வென்றது என்று நினைக்கையில் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இரண்டாம் இரவில் அப்படி என்னதான் நிகழ்கிறது? சென்ற ஆண்டு இதே கிட்டங்கியில் கண்டதைச் சொல்கிறோம். ஓய்வுபெற்ற ஒரு தொடர்வண்டிக் கடவுக் காவலரும் அவர் மகளும், இரண்டே பாத்திரங்கள். கடவுப்பாதைக்கு மேல் பாலம் கட்டியாகிவிட்டது. மூடுவதற்கு கேட் இல்லை. ஆனாலும் வண்டி வரும் நேரமானால் தந்தை எழுந்து நின்றுவிடுவார். ஐம்பது நிமிட நாடகம். முதல் நாள் அவர் மூன்றாம் முறை எழுந்து நின்றபோது பார்வையாளர்கள் சிரித்துவிட்டார்கள். மகளாக நடித்த பெண்ணுக்கு அந்தச் சிரிப்பு எதிர்பாராதது. முகம் வாடி, அடுத்த வசனத்தை அவசரமாகச் சொல்லிக் கடந்துவிட்டார். நாடகம் முடிந்தபின் வழக்கம்போலக் கலந்துரையாடல். (தமிழ்நாட்டில் நாடகம் ஐம்பது நிமிடம் நடந்தால் கலந்துரையாடல் இரண்டு மணி நேரம் நடக்கும். அதில் முதல் ஒரு மணி நேரம் பொன்னாடைக்கு.) எல்லோரும் குறியீடுகளைப் பற்றிப் பேசினார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றி எவரும் பேசவில்லை.

மறுநாள் நாம் மீண்டும் போனோம். அதே இடத்தில் மறுபடியும் சிரிப்பு. இம்முறை அந்தப் பெண் காத்திருந்தார். சிரிப்பு அடங்கும்வரை தந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடங்கியதும், அவையைத் திரும்பி ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். சிரித்தவர்கள் வீட்டு விருந்தாளியின் முன் பிடிபட்டவர்களைப் போல் ஆகிவிட்டார்கள். நாடகத்தின் எடை முழுவதும் அந்தக் கணத்தில் இடம்மாறி அமர்ந்தது. மூன்றாம் இரவில், அந்தப் பார்வைக்குப் பிறகு வரும் நான்கு வரி வசனத்தை நெறியாளர் வெட்டிவிட்டார். அச்சுப் பிரதியில் அந்த நான்கு வரியும் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மேடையில் அவற்றுக்கு இனி வேலையில்லை. இதை எழுத்தாளர் தம் மேசையில் கண்டுபிடித்திருக்க முடியாது. நெறியாளரும் ஒத்திகையில் கண்டுபிடித்திருக்க முடியாது. எழுபது பேர் சிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. பரிசோதனை என்ற சொல்லுக்கு நாம் அறிந்த பொருள் இதுதான். ஒரு பரிசோதனையை ஒரே முறை செய்துவிட்டு முடிவை அறிவிக்கும் வேதியியல் மாணவனுக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் போடமாட்டார்.

‘ஒளிப்பதிவு செய்து யூடியூபில் போட்டால் பார்த்துக்கொள்ளலாமே ஐயா’ என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 2020 இல் பெருந்தொற்று அரங்குகளைப் பூட்டியபோது அதைத்தான் எல்லோரும் செய்தோம், குற்றமில்லை. ஆனால் ஒளிப்பதிவில் நாம் சிரித்தால் அந்தப் பெண்ணுக்குக் கேட்காது.

இங்கே சிலப்பதிகாரத்துக்குப் போகாமல் இருக்க நம்மால் முடியாது, தொழில் அப்படி. அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை இளங்கோ கொடுக்கிறார். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். உரைகாரர் அதை உத்தமனுடைய பெருவிரல் என்பார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அரங்கின் தளத்துக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். பெருவிரலின் அகலம் ஓர் அங்குலம் என்று தோராயமாகக் கொண்டால் ஒரு கோல் இரண்டடி. ஆக, அரங்கு பதினான்கடி அகலம், பதினாறடி நீளம், இரண்டடி உயரம். ‘அரங்கேற்று காதைவழி அரங்கின் இலக்கணத்தை விளக்குக’ என்பது பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் பத்து மதிப்பெண் வினா. விடையெழுதும் பிள்ளைகள் மனத்தில் என்ன இருக்கும்? நம் கல்லூரிக் கலையரங்கமாகத்தான் இருக்கும். ஆயிரம் பேர் அமரும் கூடம், பெரிய மேடை, ஒலிபெருக்கியில்லாமல் ஒரு சொல்லும் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. சென்ற பருவத்தில் அளவுநாடாவோடு பிள்ளைகளைக் கிட்டங்கிக்கு அழைத்துப் போனோம். ஆடுமிடத்தை அளந்தார்கள். பதினைந்தடிக்குப் பதினாறடி. சோழர் தலைநகரில் மன்னன் பார்க்க மாதவி ஆடிய அரங்கும் இந்தத் தவிட்டுக் கிட்டங்கியின் ஆடுகளமும் ஏறத்தாழ ஒன்றே என்று தெரிந்தபோது, வகுப்பில் ஒருபோதும் வாய்திறவாத ஒரு மாணவி, “அப்படியானால் முன்னாலிருந்தவர்களுக்கு அவள் மூச்சுவிடுவது கேட்டிருக்கும்” என்றாள். உரைகளில் இல்லாத குறிப்பு அது.

தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பதும் அக்காதையில் வருகிறது. கிட்டங்கியிலும் இரண்டு தூண்கள் உண்டு. அவற்றின் நிழலோடு ஒளியமைப்பாளர் படும் பாட்டை மாணவர்கள் நேரில் பார்த்தார்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளையும் பற்றி அங்கேயே நின்று பேசினோம். வகுப்பறையில் இரண்டு மணி நேரம் எடுக்கும் பாடம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இன்னொன்றும் அன்று நமக்குத் தோன்றியது. முதல் அரங்கேற்றத்துக்கு இளங்கோ அளவுகோலும் விளக்கும் திரையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பரிசும் என்று எல்லாவற்றையும் கணக்காகச் சொல்கிறார். ஆனால் மாதவியின் ஆட்டம் அத்தோடு நின்றுவிடவில்லை. கடலாடு காதையில், இந்திர விழாவில், அவள் மீண்டும் ஆடுகிறாள். விண்ணவன் ஒருவன் தன் காதலிக்கு அவளைச் சுட்டிக்காட்டுகிறான். பதினோர் ஆடல்களும் அங்கேதான் வருகின்றன. அப்போது மேடையின் நீள அகலத்தை யாரும் அளக்கவில்லை. ஆட்டம் மட்டும் இருக்கிறது.

இனி வரவிருக்கும் நிகழ்வுகள்.

தை மாதத்தில் வருவது ஓராள் நிகழ்வு. நடிக்கும் இளைஞர் வடதமிழ்நாட்டின் கூத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். தந்தை கூத்து வாத்தியார். கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுவதற்கு ஒப்பனை அறையில் எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமும் பார்வையாளர் முன்னால் அமர்ந்து வேடம் கட்டுகிறார். முகத்துக்கு அரிதாரம், மீசை வரைதல், இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும், கடைசியில் கிரீடம். கட்டிக்கொண்டே பேசுகிறார்: எந்தெந்த ஊரில் இப்போது கூத்து வைப்பதில்லை, எங்கே இன்னும் தாம்பூலத்தோடு அச்சாரம் கொடுக்கிறார்கள், எந்தத் திரௌபதி அம்மன் கோயிலில் எந்த ஆண்டு மழை வந்து ஆட்டம் கலைந்தது. வேடம் முடிந்ததும் இருவர் திரை பிடிக்கிறார்கள். முகவீணை ஒலிக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வெளிப்படுவானா மாட்டானா என்பதில் நெறியாளருக்கும் நடிகருக்கும் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. வெளிவரக் கூடாது என்பது நெறியாளர் கட்சி. கூத்து நின்றுபோனதன் துயரம் அதில்தான் புலப்படும் என்கிறார். வேடம் கட்டியவன் ஆடாமல் இருப்பது ஆகாது என்பது நடிகர் கட்சி. ஒத்திகையைப் பார்த்த நாம் நடிகர் பக்கம். கூத்து செத்துவிட்டது என்று காட்டுவதற்கு அரங்கில் எப்போதும் ஆள் கிடைக்கிறார்கள். புரிசையில் போய்ப் பார்த்தால் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. முத்துசாமியே புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டபின்தான் நாடகத்தில் தமக்கான வழியை அறிந்தார்.

நடிகரின் தந்தை வருகிறாராம். எந்த நாள் என்று தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்ன பதிலை மகன் நமக்குச் சொன்னார்: “மொத நாளு ஜனங்க வேசத்தப் பாக்கும். ரெண்டாம் நாளுதான்டா ஆட்டத்தப் பாக்கும். நான் ரெண்டாம் நாளு வரேன்.”

மாசியில் வருவது சொல்லில்லாத நாடகம். ஐந்து பெண்கள், ஒரு நியாயவிலைக் கடை வரிசை. ஆள் நிற்க முடியாத நேரத்தில் அவர்களுடைய இடத்தைப் பைகளும் கற்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பைகளுக்கிடையே ஒரு சண்டையும் நடக்கிறது. ஒரு மூதாட்டியின் கைரேகையைக் கடையிலுள்ள கருவி ஏற்க மறுக்கிறது. பெருவிரலைத் துடைத்து, ஈரப்படுத்தி, முந்தானையில் தேய்த்து, மீண்டும் மீண்டும் வைக்கிறார். ஆறு நிமிடம் இதுவே நடக்கிறது. உத்தமனின் பெருவிரலால் அளந்த அரங்கில், பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த ஒருத்தியின் பெருவிரல் என்று நம் மனம் வகுப்பறைப் பழக்கத்தில் ஓடியது. நெறியாளரிடம் சொன்னோம். அவர் சிலப்பதிகாரத்தை நினைத்துச் செய்யவில்லையாம். தம் பாட்டியை நினைத்துச் செய்தாராம். நல்லது. இந்த நாடகத்தில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இறுதியில் ஐந்து பெண்களும் சேர்ந்து நிற்கும் ஒரு சிலைக் காட்சி இருக்கிறது. எண்பதுகளிலிருந்து இந்தச் சிலை தமிழ் நாடகங்களின் முடிவில் நின்றுகொண்டே இருக்கிறது; அதை உட்காரச் சொன்னால் தேவலாம். மூன்று இரவுகள் இருப்பதால் நம்பிக்கையோடு இருக்கிறோம்.

கிட்டங்கியின் நிலையையும் சொல்லியாக வேண்டும். ஆலை உரிமையாளர் நாடகப் பிரியர். சென்ற ஆண்டு காலமானார். பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் கல்யாண மண்டபத்தின் வாகன நிறுத்துமிடமாகக் கொடுக்கும்படி கேட்பு வந்திருக்கிறது. தவறென்று சொல்ல நாம் யார்? அதில் கிடைக்கும் வாடகை நாடகக்காரர்கள் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. பங்குனி முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று அவகாசம் தந்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு நூற்றைம்பது ரூபாய். எழுபத்திரண்டு நாற்காலியும் நிறைந்தால் ஓர் இரவுக்குப் பத்தாயிரத்து எண்ணூறு. விளக்கு வாடகையும் நடிகர்களின் பயணச் செலவும் போக வாடகைக்கு மிஞ்சுவது, மூன்று இரவும் நிறைந்தால்தான் மிஞ்சும். வெள்ளிக்கிழமை எப்போதும் நிறைந்துவிடுகிறது: நண்பர்கள், உறவினர்கள், இலக்கிய அன்பர்கள், பொன்னாடைகள். சனிக்கிழமை பாதி. ஞாயிற்றுக்கிழமை நடிகர்களின் எண்ணிக்கையும் பார்வையாளர் எண்ணிக்கையும் போட்டி போட்ட நாளும் உண்டு. எனவே நம்மைப்போலச் சிறுபத்திரிகை வாசிப்பவர்கள், புத்தகக் கண்காட்சியில் நாடகப் பிரதியைப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறவர்கள், சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ வந்தால் நல்லது. முதல் நாள் வந்தவர்கள் மறுநாளும் வருவதானால் பாதிக் கட்டணம் போதும் என்று வைத்திருக்கிறார்கள். மாலை ஆறே முக்காலுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். துணைவேந்தரே வந்தாலும் திறப்பதில்லை என்பதை ஒருமுறை செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

பங்குனி நாடகத்தைப் பற்றி நிறையச் சொல்ல முடியாது. இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் எழுதுகிறார். 1934 இல் மேட்டூர் அணை எழுந்தபோது நீருக்குள் போன ஊர்களில் ஒன்றைச் சேர்ந்த குடும்பத்தின் கதை. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் அங்கே பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தி தலைகாட்டும். தேவாலயத்தின் கோபுரம் தெரியும். மக்கள் பரிசலில் போய்ப் பார்த்து வருவார்கள். குடும்பத்தின் நான்காம் தலைமுறைப் பெண் தன் பூட்டன் வீட்டு வாசற்படி எங்கே இருந்தது என்று தேடிப் போகிறாள். மேடையில் தண்ணீருக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டோம். நெல் என்றார்கள். கிட்டங்கியில் இருந்த பழைய சாக்குகளிலிருந்து பதர்நெல்லைக் கொட்டிப் பரப்பி ஒத்திகை பார்க்கிறார்கள். காலால் அளைந்தால் அலைபோலவே ஒலி வருகிறது. முதற்காட்சிகள் இரண்டைப் படித்துக் காட்டினார்கள். பூட்டி பேசும் சேலத்துத் தமிழ் அசலாக இருக்கிறது. கடைசிக் காட்சியில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் எழுதியவருக்கே இன்னும் பிடிபடவில்லையாம்.